கூத்தர் முகப்பூச்சு

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்ததும் வந்தாறுமூலை என்னும் ஊர் எதிர்ப்படும். இன்று அவ்வூரின் பெயரைக் கேட்போர்க்குக் கிழக்குப் பல்கலைக்கழகமே நினைவுக்கு வரும். அங்கிருந்த மத்திய மகா வித்தியாலயத்தின் வளவில் 1981ஆம் ஆண்டு மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பெற்று, 1986ஆம் ஆண்டு கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. எனினும் பல்கலைக்கழகம் வருமுன்னரே கூத்துக்குப் பெயர்பெற்ற ஊர் அது. அங்குள்ள அண்ணாவிமாரின் மத்தள ஓசை ஊர் எல்லையைக் கடந்து பேராதனை வரை சென்று ஒலித்தது.

மட்டக்களப்புக் கூத்தைப் பற்றி எழுதியோர் ஆட்டத்தை ஆராய்ந்துள்ளனர், பாட்டை ஆராய்ந்துள்ளனர், வடமோடிக்கும் தென்மோடிக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாகக் கூறியுள்ளனர். வடமோடி அரசனின் கரப்புடுப்பும் பாரமான கிரீடமும் ஏட்டில் இடம்பெற்றுவிட்டன. கூத்தன் தன் முகத்தில் முதலிற் பூசிக்கொள்ளும் அடிப்பூச்சோ அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. கண்ணுக்கு மை தீட்டுவதும் மீசை எழுதுவதும் நெற்றிக்குப் பொட்டிடுவதும் அதன் மேலேதான் நிகழ வேண்டும். சுவர் இல்லாமற் சித்திரம் இல்லை என்பார்கள். கூத்தனுக்கு அடிப்பூச்சே சுவர்.

இப்பூச்சின் வரலாற்றைச் சொல்லப் புகுந்தால் விளக்கிலிருந்து தொடங்குதல் வேண்டும். மட்டக்களப்பின் மரபுவழிக் களரி வட்டமானது. மண்ணை உயர்த்தி அமைத்த அவ்வட்டத்தைச் சுற்றி நாற்புறமும் ஊரார் அமர்ந்திருப்பர். அறுவடை முடிந்து கை ஓய்ந்த காலத்தில், இரவு தொடங்கும் ஆட்டம் விடியும்வரை நடக்கும். முற்காலத்தில் தீப்பந்தமும் எண்ணெய் விளக்குமே ஒளி தந்தன. காற்றில் ஆடும் மஞ்சட் சுடரில் மனித முகம் பாதி இருளிற் கிடக்கும். கறுத்த மேனியும் வியர்வையும் உடைய உழவர் ஒருவர் கர்ணனாக வந்து நின்றால், களரியின் விளிம்பில் இருக்கும் கிழவிக்கு அவருடைய கண் எது, வாய் எது என்று தெரியாது. ஆகவே முகம் முழுவதும் ஒளியை வாங்கித் திருப்பித் தரும் ஒரு பூச்சு வேண்டியதாயிற்று. அழகு அதன் பின்னரே வந்தது.

தீயின் ஒளிக்கு ஒரு குணம் உண்டு. அதில் நீலம் குறைவு. செம்மையும் மஞ்சளும் மிகுதி. அவ்வொளியிலே மஞ்சள் பூசிய முகம் ஏறக்குறைய வெள்ளை போலவே ஒளிரும். வெறும் வெள்ளை பூசிய முகமும் பொன்னிறமாகத் தோன்றும். பழைய கூத்தர் ஒளியியல் படித்தவரல்லர். இரவுக்கு இரவு பார்த்தே இதனை அறிந்தனர். ஆனால் விடியற்காலையில் மங்களம் பாடும் வேளையில் நிலைமை வேறு. கிழக்கு வெளுத்துச் சூரியன் முகத்தில் விழும்போது, இரவெல்லாம் தேவலோகத்து இந்திரனாயிருந்தவர் மஞ்சள் அப்பிய மனிதராய்த் தெரிவார். பூச்சும் பொழுதும் பொருந்தாமற் போகும் அந்தச் சில நிமிடங்களை ஊரார் குறையாகக் கொள்ளவில்லை. விடிந்துவிட்டது என்பதற்கு அதுவும் ஓர் அடையாளமாயிற்று.

தமிழர் வேடம் புனைதலை இன்றும் அரிதாரம் பூசுதல் என்றே வழங்குவர். அரிதாரம் என்பது ஒரு கனிப்பொருள். ஆசனிக்கும் கந்தகமும் சேர்ந்த மஞ்சட் கல். அதனை நுண்ணிதாய் அரைத்து எண்ணெயிற் குழைத்தால் பொன் போன்ற பூச்சுக் கிடைக்கும். சிவப்புக்குச் சாதிலிங்கம், அது இரசமும் கந்தகமும் சேர்ந்தது. வெள்ளைக்கு முத்துவெள்ளை, அது நாகவொட்சைட்டு என இரசாயன நூலார் கூறும் தூள். கறுப்புக்கு விளக்குக் கரியை எண்ணெயிற் குழைத்த மை. தேங்காய் மலிந்த நாட்டில் எண்ணெய்க்குக் குறைவில்லை. கேரளத்துக் கதகளியாரும் மனையோலை என்ற பெயரில் அரிதார வகையையும், சாயில்யம் என்ற பெயரிற் சாதிலிங்கத்தையும் தேங்காய் எண்ணெயிலேயே குழைத்தனர். ஆயினும் பச்சை, கத்தி, தாடி என்று பாத்திரத்தின் குணத்துக்கேற்ப நிறம் வகுத்த நுண்ணிலக்கணம் கதகளிக்கே உரியது. மட்டக்களப்புக் கூத்தில் அத்தகைய விரிவு வளரவில்லை. வருபவர் அரசனா, வேடனா, கட்டியகாரனா என்பதை உடுப்பும் முடியும் வரவுப் பாட்டும் சொல்லிவிடும். முகம் துலங்கினாற் போதும்.

பட்டியலிற் கூறிய பொருள்களுள் இரண்டு நஞ்சு என்பதை மறைத்தற்கில்லை. ஆசனிக்கு எலிப் பாடாணத்தில் இருப்பது. இரசம் நரம்பைத் தாக்குவது. கல்லாய்க் கிடக்கும்போது அவை எளிதிற் கரைவதில்லை என்பது உண்மை. ஆனால் எண்ணெயிற் குழைத்து வியர்வை ஒழுகும் தோலில் எட்டு மணி நேரம் வைத்திருப்பதும், உதட்டுக்கு அருகே தீட்டுவதும் விளையாட்டன்று. உழவும் மீன்பிடியும் செய்து வாழ்ந்த கூத்தர் ஒரு பருவத்திற் சில இரவுகளே ஆடினர் என்பது அவர்களுக்கு வாய்த்த காப்பு. நாள்தோறும் பூசியோரின் கதை வேறு.

அக்கதையை ஐரோப்பாவிற் காணலாம். அங்கே சீமாட்டிகளும் நடிகரும் பல நூற்றாண்டுகளாக ஈயவெள்ளையைப் பூசினர். அதைப் போல நன்றாக மூடி, நன்றாக ஒட்டும் வெள்ளை அன்று வேறில்லை. அழகிற் பெயர்பெற்ற கொவென்றிச் சீமாட்டி மரியா கன்னிங் 1760ஆம் ஆண்டில் இளவயதிலேயே இறந்தார். அவருடைய முகப்பூச்சே அவரைக் கொன்றது என்று வழிவழியாகக் கூறப்பட்டு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நாகவெள்ளை பரவி, ஈயத்தின் இடத்தைச் சிறிது சிறிதாகப் பிடித்தது. உவாக்னரின் இசைநாடகங்களிற் பாடிய லூட்விக் லைக்னர் என்னும் பாடகர், 1873ஆம் ஆண்டு பேர்லினில் ஒரு தொழிலகம் தொடங்கி, ஈயம் சேராத கொழுப்புப் பூச்சைக் குச்சி வடிவிற் செய்து விற்றார். பாடகர் ஒருவரே அதனைச் செய்தார் என்பது கவனித்தற்குரியது. தம் தோல் எரிந்தாலன்றி மாற்று மருந்து தேடுவோர் உலகிற் குறைவு.

லைக்னர் குச்சிகளுக்குப் பெயரில்லை, எண்கள் இருந்தன. ஆங்கில மேடையில் இளைஞர் வேடத்துக்கு ஐந்தாம் எண்ணையும் ஒன்பதாம் எண்ணையும் கலந்து பூசுவது நெடுங்காலம் வழக்கமாயிற்று. ஐந்து யானைத்தந்த நிறம். ஒன்பது செங்கல் நிறம். இரண்டும் கலந்தால் நலமுள்ள ஆங்கில இளைஞனின் கன்னம் கிடைக்கும். இயல்பான மனித நிறம் என்று அக்காலத் தொழிலகங்கள் கருதியது வெள்ளையர் நிறமே. மாநிறமும் கறுப்பும் உடையோர் அதே குச்சியை எடுத்துப் பூசினால் முகம் இளஞ்சிவப்பாகும். அல்லது சாம்பல் பூத்தது போலாகும். நம் நாட்டு மேடைகளிலே இராமரும் கண்ணனும் ரோசா நிறத்திற் காட்சியளித்த விந்தைக்கு நாம் வெள்ளை மேனியை விரும்பியது ஒரு காரணம். மேனிக்கேற்ற பூச்சுக் கடையிற் கிடையாமை மற்றொன்று. முன்னதைப் பலரும் பேசுவர். பின்னதைப் பேசுவோர் சிலரே.

இவ்விடத்தில் நாட்டிய சாத்திரம் வகுத்த நெறியை எண்ணிப் பார்க்கலாம். அந்நூல் ஆகாரிய அபிநயத்தின் ஒரு பகுதியாக அங்கரசனை என்னும் உடற்பூச்சைக் கூறுகிறது. வெள்ளை, நீலம், மஞ்சள், சிவப்பு ஆகிய நான்கையும் அடிப்படை நிறங்களாகக் கொண்டு, இவற்றைக் கலந்து பிற நிறங்களை ஆக்கும் முறையையும் வகுக்கிறது. நடிகன் தன் நிறத்தை மறைத்து, ஏற்கும் பாத்திரத்தின் நிறத்தைப் பெறவேண்டும் என்பது அதன் கொள்கை. அங்கே பூச்சு ஒன்றன்று, கலவை. எந்த மேனியிலிருந்தும் எந்த நிறத்துக்கும் போக வழி உண்டு. வடமொழி நாடக இலக்கணத்தைத் தமிழருக்கு அறிமுகஞ் செய்தவர்களுள் ஒருவர் மட்டக்களப்புத் தமிழகத்துக் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள். அவருடைய மதங்க சூளாமணி 1926ஆம் ஆண்டில் வெளிவந்தது. எண்ணிட்ட குச்சிகளோ கலக்கும் வேலையைத் தொழிலகத்துக்குக் கொண்டு சென்றன. கலப்பவர் யாருடைய முகத்தை மனத்திற் கொண்டு கலந்தார் என்பதே பின்னர் வினாவாயிற்று.

திரைப்படம் வந்தபோது விளக்கு மீண்டும் மாறியது, பூச்சும் மாறியது. மேடைக் குச்சி தடித்தது. முகத் தசை அசையும்போது வெடிக்கும். அருகே வரும் படக்கருவி அவ்வெடிப்பைக் காட்டிக்கொடுக்கும். போலந்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய மாக்ஸ் பாக்டர் 1914ஆம் ஆண்டில் மெல்லிய குழம்பாக ஒரு பூச்சைச் செய்தார். வண்ணப்படம் வந்ததும் அதுவும் பயன்படவில்லை. எண்ணெய்ப் பளபளப்பு அருகிலுள்ள நிறங்களையெல்லாம் முகத்தில் ஏற்றிக் காட்டியது. அதனாற் கட்டியாக உறைந்து, ஈரப் பஞ்சினால் தொட்டுப் பூசும் பான்கேக் என்னும் பூச்சு 1937ஆம் ஆண்டளவிற் படப்பிடிப்பில் இடம்பெற்றது. நடிகையர் அதனை வீட்டுக்கு எடுத்துச் சென்று பூசிக்கொள்ளத் தொடங்கியதும், அடுத்த ஆண்டிலே கடைக்கும் வந்தது. மேடைக்கென்று பிறந்த அடிப்பூச்சு தெருவில் நடக்கும் பெண்ணின் கைப்பைக்குள் புகுந்த வரலாறு இதுதான். சென்னை ஜெமினி படப்பிடிப்பு நிலையத்திற் பணிபுரிந்த எழுத்தாளர் அசோகமித்திரன், அங்கே பான்கேக் பார வண்டிக் கணக்கில் வாங்கப்பட்டதை நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். பார்க்கச் சகிக்கும் மனிதரை அப்பூச்சு என்ன பாடு படுத்திற்று என்பதையும் அவர் விடவில்லை.

வந்தாறுமூலைக்கு மீள்வோம். பந்தத்துக்குப் பின் களரிக்குப் பெற்றோல்மாக்ஸ் விளக்கு வந்தது. அதன் ஒளி வெண்மையானது, ஆடாதது. பந்தத்தின் முன் பொன்னாயிருந்த முத்துவெள்ளை அதன் முன் சுண்ணாம்பாகியது. மின்விளக்கு வந்தபோது இன்னும் கடினமாயிற்று. இக்காலத்திலேதான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்து மாணவரைக் கொண்டு கூத்தை நகர மேடைக்குக் கொண்டுவந்தார். 1956ஆம் ஆண்டில் எதிரிவீர சரச்சந்திரவின் மனமே சிங்கள அரங்கில் ஏற்படுத்திய எழுச்சி அம்முயற்சிக்குத் தூண்டுதலாயிற்று. கர்ணன் போர் 1962இலும், நொண்டி நாடகம் 1963இலும், இராவணேசன் 1964இலும், வாலி வதை 1967இலும் மேடையேறின. மாணவருக்கு ஆட்டமும் பாட்டும் பழக்கியவர்களுள் ஒருவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். இராவணனாக ஆடிய சி. மௌனகுரு வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் பழைய மாணவர். பிற்காலத்தில் அதே வளவில் எழுந்த பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கியவர்.

விடியும்வரை ஆடிய கூத்து ஒன்றரை மணி நேர அளவிற்குச் சுருங்கியது பற்றியும், வட்டக்களரி படச்சட்ட மேடையானது பற்றியும் பல வாதங்கள் நிகழ்ந்தன. முகத்துக்கு நேர்ந்ததும் சிறியதன்று. வட்டக்களரியில் முகத்துக்கு முன்புறம் பின்புறம் இல்லை. ஆடுவோர் சுழன்று சுழன்று நாற்புறத்தார்க்கும் காட்டுவர். படச்சட்ட மேடையிலோ எல்லாக் கண்களும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. எல்லா ஒளியும் முன்னிருந்து பாய்கிறது. முன்னிருந்து பாயும் ஒளி மூக்கையும் கன்ன எலும்பையும் தட்டையாக்கிவிடும். ஒரே பூச்சை முகமெங்கும் பூசினால் முகம் தட்டுப் போலாகும். குழி விழும் இடத்திற் சற்றுக் கருமையும் மேடான இடத்திற் சற்று ஒளியும் ஏற்றவேண்டும். ஆண்களே பெண் வேடம் தாங்கிய மரபில் வேறொரு சிக்கலும் இருந்தது. மழித்த தாடியின் பச்சை நிழல் பந்த ஒளியில் மறைந்திருந்தது, மின்னொளியில் வெளிப்பட்டது. அந்நிழலை வெறும் வெள்ளை மறைக்காது, சாம்பலாக்கும். செம்மையும் மஞ்சளும் கலந்த ஓர் அடுக்கு முதலில் வேண்டும். பழைய அரிதாரத்தின் மஞ்சள் அந்த வேலையையும் சொல்லாமற் செய்துகொண்டிருந்தது என்பது அதனைக் கைவிட்ட பின்னரே விளங்கும்.

உயர்ந்த விலைப் பூச்சுகள் இலங்கையில் எளிதிற் கிடைத்த காலமும் அன்று. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் 1960களில் ஆடம்பரப் பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970க்குப் பின் கட்டுப்பாடு மேலும் இறுகியது. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகே பிறநாட்டு ஒப்பனைப் பொருள்கள் கடைகளிற் பெருகின. பின்னர் மணவறைக்கு வீடியோப் படக்காரரின் கடும் விளக்கு வந்தது. திரையிலிருந்து கைப்பைக்குப் போன பூச்சு மணமகளின் முகத்திலும் தடிப்பாய் ஏறியது. ஃபவுண்டேசன் என்னும் ஆங்கிலச் சொல் ஊர்ப் பெண்களின் வாயில் தமிழ்ச் சொற்போல வழங்கத் தொடங்கியது. முகம் ஓர் ஊராகவும் கழுத்து வேறோர் ஊராகவும் தோன்றும் மணமகளைக் காணாத கலியாண வீடு குறைவு.

இனி, விலை உயர்ந்த குப்பிக்குள் இருப்பது யாது? வெள்ளைக்குப் பெரும்பாலும் தைத்தேனியமீரொட்சைட்டு. மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகியவற்றுக்கு இரும்பொட்சைட்டுகள். அஃதாவது, காவிக்கல்லின் உறவினர். இவற்றைத் தாங்க நீரும் எண்ணெயும் சிலிக்கோன் வகைகளும். தைத்தேனியம் பெறப்படும் இல்மனைற்று மணல் திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கடற்கரையிற் கருமையாய்க் குவிந்து கிடக்கிறது. அதனை அகழ்வதற்கு 1957ஆம் ஆண்டிலேயே அரச கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. கீழைக்கரையின் கரிய மணல் கப்பலேறிப் போவதும், உலகச் சந்தையில் அத்தகைய மணலிலிருந்து ஆக்கிய வெண்தூள் குப்பிகளில் வந்து சேர்வதும் சுவையான வாணிகம். மூலப்பொருளைக் கொண்டு பார்த்தால் மலிந்த பூச்சுக்கும் உயர்ந்த பூச்சுக்கும் பெரிய வேறுபாடில்லை. துணிக்கைகளை எவ்வளவு நுண்ணிதாய் அரைத்தனர், வியர்வையிற் கரையாதவாறு எவ்வாறு மேலுறையிட்டனர், எத்தனை நிறச்சாயல்களிற் செய்தனர் என்பனவற்றில் வேறுபாடு உண்டு. மீதி விலை குப்பிக்கும் பெயருக்கும் விளம்பரத்துக்கும் உரியது.

இவற்றுள் நிறச்சாயலே நெடுங்காலம் புறக்கணிக்கப்பட்டது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கென ஃபாஷன் ஃபேர் என்னும் வரிசை 1973இல் தோன்றியது. பாடகி ரிஹானாவின் ஃபென்ரி பியூட்டி 2017ஆம் ஆண்டில் நாற்பது நிறச்சாயல்களோடு வந்தபோது, பிற தொழிலகங்களும் தம் வரிசையை நீட்ட வேண்டியதாயிற்று. லைக்னரின் எண்களிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு கழிந்தே கருமேனி ஓர் எண்ணைப் பெற்றது.

களரியில் ஆடுவோருக்கு இதனால் ஒரு வழி திறந்திருக்கிறது. அரிதாரத்தையும் சாதிலிங்கத்தையும் மரபென்று சொல்லிக் காக்க வேண்டிய தேவை இல்லை. அவற்றின் நிறத்தைக் காத்தாற் போதும். இரும்பொட்சைட்டின் மஞ்சளும் சிவப்பும் அந்நிறங்களை நஞ்சின்றித் தரும். ஆனால் மணப்பெண்ணுக்கென்று செய்த பூச்சை அப்படியே எடுத்துக் கர்ணனுக்குப் பூசினால் கூத்து கெடும். அப்பூச்சின் நோக்கம் பூசியது தெரியாமலிருத்தல். கூத்தனின் பூச்சோ எட்டத்திலிருந்து தெரிதல் வேண்டும். மேலும், விலை கொடுத்து வாங்கியவர் கடைவிளக்கின் கீழே புறங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு நிறைவடைவார். புறங்கையின் நிறம் வேறு, முகத்தின் நிறம் வேறு. தாடையோரத்திற் பூசிக் கழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தலும், பகலொளியில் நிற்றலும், சிறிது நேரம் பொறுத்து நிறம் கறுக்கிறதா என்று கவனித்தலும், காதின் பின்புறத்தில் ஒரு நாள் வைத்துத் தோல் தடிக்கிறதா என்று அறிதலும் முறையாகும். கூத்தருக்கு இவற்றோடு வியர்வைச் சோதனையும் உண்டு; கரப்புடுப்பும் கிரீடமும் தாங்கி ஒரு நாழிகை துள்ளி ஆடிய பின் பூச்சு நிற்க வேண்டும்.

மரபுக் கூத்திற் பயிற்சிக்குப் படிகள் உள்ளன. சட்டங்கொடுத்தல், சலங்கை கட்டுதல், அடுக்குப் பார்த்தல், அதன் பின் அரங்கேற்றம். வேடம் முழுமையாகப் புனைவது அரங்கேற்றத்தன்றுதான். அதனாற் புதிய பூச்சொன்று நன்றா தீதா என்பது ஊரே கூடியிருக்கும் இரவில்தான் தெரியவருகிறது. அப்போது மாற்ற வழியில்லை. அடுக்குப் பார்க்கும் இரவிலே இருவர் முகத்திலேனும் பூச்சிட்டு, அரங்கேற்றத்துக்கு எந்த விளக்கோ அதே விளக்கை ஏற்றி ஆடச்செய்தால் இக்குறை நீங்கும். பார்த்துச் சொல்வதற்குக் கண்ணாடி வேண்டா. களரியின் கடைசி விளிம்பில், பாயில் உட்கார்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம், வந்து நிற்பவன் கோபமாக இருக்கிறானா, அழுகிறானா என்று கேட்டால் அவர் சொல்லிவிடுவார்.